‘4000 வாட்’ என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. என் கார் தாங்குமா?

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு வங்கி ஊழியர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் அவருடையது. கம்பெனி பொருத்தித் தந்த டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவை மாற்றாமல், சென்ற ஆண்டு முன்கதவுகளில் மட்டும் தனி ட்வீட்டருடன் கூடிய காம்பொனன்ட் ஸ்பீக்கர்களைப் போட்டிருக்கிறார். பாடகரின் குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது, தவிலும் பேஸ் கிட்டாரும் இருக்கும் இடமே தெரிவதில்லை என்கிறார். இதற்குத் தீர்வாக ஒரு கடைக்காரர் 4000 வாட் நான்கு சேனல் ஆம்ப்ளிபையர், 3000 வாட் மோனோபிளாக் (ஒரே சேனல் கொண்ட ஆம்ப்ளிபையர்), 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்), மின்சாரத்தைச் சேமித்துத் தரும் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் என 62,000 ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்து, 10,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார்.

இதற்குள் வீட்டில் இரண்டு கட்சி. வாட் கூடக்கூட நல்லது என்கிறார் மைத்துனர். ஸ்பீக்கரின் வாட்டைவிடக் குறைந்த ஆம்ப்ளிபையரைப் போட்டால்தான் ஸ்பீக்கர் பிழைக்கும் என்கிறார் அலுவலக நண்பர். டிக்கியில் அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலி போக வேண்டும் என்பதில் மட்டும் மனைவி உறுதியாக இருக்கிறார். எதை வாங்குவது, பேட்டரி தாங்குமா, வாரண்டி போய்விடுமா, கொடுத்த முன்பணத்தை என்ன செய்வது என்று கேட்கிறார் வாசகர். ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள விவரங்களையும், கடைக்காரர் காட்டிய நான்கு சேனல் ஆம்ப்ளிபையரின் படத்தையும் இணைத்திருப்பதால் என் வேலை எளிதாயிற்று.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவி சொல்வதிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஏனெனில் இந்தக் கடிதத்தில் மறுக்க முடியாத நிபந்தனை அது ஒன்றுதான். 12 அங்குல சப்வூஃபர் பெட்டி உங்கள் காரின் டிக்கியில் ஏறினால் சக்கர நாற்காலி ஏறாது. ஆகவே அந்தப் பட்டியலின் பாதி இப்போதே விழுந்துவிட்டது. மீதிப் பாதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டியில் உள்ள எண்ணும் பியூஸில் உள்ள எண்ணும்

நீங்கள் அனுப்பிய படத்தில், ஆம்ப்ளிபையரின் பக்கவாட்டில் 30 ஆம்பியர் பியூஸ்கள் இரண்டு தெரிகின்றன. ஆக மொத்தம் 60 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் நல்ல நிலையில் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெட்டிக்குள் தொடர்ந்து நுழையக்கூடிய மின்திறன் ஏறக்குறைய 864 வாட். அது கிளாஸ் ஏபி வகை என்பதால், உள்ளே போவதில் பாதியோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். மற்றதெல்லாம் வெப்பமாகப் போய்விடும். எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் நான்கு சேனலுக்கும் சேர்த்து 500 வாட் அளவில் நின்றுவிடும். அதுகூட உச்சவரம்புதானே தவிர உத்தரவாதம் அல்ல. தேவைக்கு மேல் பெரிய பியூஸைச் செருகி விற்பவர்களும் இருக்கிறார்கள். 864 வாட்டை வாங்கிக்கொண்டு 4000 வாட்டைத் திருப்பிக் கொடுக்கும் கருவி எதையும் இதுவரை யாரும் செய்யவில்லை.

4000 வாட் உண்மையாகவே வர வேண்டுமானால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். உள்ளே போவதில் 80 விழுக்காட்டை ஸ்பீக்கருக்குத் தரும் நல்ல கிளாஸ் டி வகை ஆம்ப்ளிபையராக இருந்தாலும் அது கிட்டத்தட்ட 350 ஆம்பியரை இழுக்கும். உங்கள் காரைப் போன்ற சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர்கள் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) பொதுவாக 70 முதல் 90 ஆம்பியர் வரைதான் தரும். ஆக, பெட்டியில் உள்ள எண் பொய்யாக இருப்பது ஒருவகையில் உங்கள் காருக்கு நல்லதுதான்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண், ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும் தொடர் திறன். அதிலும், எத்தனை ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), எத்தனை வோல்ட்டில், எவ்வளவு சிதைவோடு அளந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் வகுத்த சி.இ.ஏ.-2006 என்ற அளவுமுறை இதற்காகவே ஏற்பட்டது: 14.4 வோல்ட், 4 ஓம் சுமை, சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெட்டியிலோ கையேட்டிலோ இந்தக் குறிப்பு இருந்தால் அந்த வாட்டை நம்பலாம். இல்லாத எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘மேக்ஸ்’, ‘பீக்’, ‘பி.எம்.பி.ஓ.’ என்ற சொற்களை மட்டுமே பெரிதாக அச்சிட்டிருக்கும் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டாம்.

உங்கள் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் வேண்டும்

உங்கள் முன்கதவு ஸ்பீக்கர்கள் ஆர்.எம்.எஸ். 70 வாட், உச்சம் 280 வாட், 4 ஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். 280-ஐ மறந்துவிடுங்கள், 70-ம் 4-ம் தான் நமக்கு வேண்டியவை.

இப்போது அவற்றை இயக்குவது டச் ஸ்கிரீனுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிபையர் சில்லு. ‘50 வாட் x 4’ என்று இத்தகைய ஸ்டீரியோக்களின் விளம்பரத்தில் இருக்கும். காரின் 14 வோல்ட்டை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்தும் எந்தச் சில்லும் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் ஏறத்தாழ 20 வாட்டுக்கு மேல் தர முடியாது. 75 வாட் வேண்டுமானால் அலையின் முகட்டில் 24 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படுகிறது. காரில் அவ்வளவு வோல்ட் கிடையாது. தனி ஆம்ப்ளிபையருக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல பங்கு அதற்குப் போகிறது. மலிவான ஆம்ப்ளிபையர்களில் முதலில் கைவைக்கப்படுவதும் அங்கேதான்.

நீங்கள் கேட்கும் கரகரப்பு, அந்தச் சில்லு தன் எல்லையைத் தொட்டு அலையின் முகடுகளை வெட்டும் ஓசை. இதை கிளிப்பிங் என்பார்கள். உங்கள் அலுவலக நண்பரின் கருத்து பாதி சரி. குறைந்த வாட் ஆம்ப்ளிபையரை அதன் எல்லைக்குள் ஓட்டினால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் போதாத சத்தத்தைப் போதும்படி ஆக்க யாருமே குமிழைத் திருகத்தான் செய்வார்கள்; அப்போது வெட்டுப்பட்ட அலை, ஆம்ப்ளிபையரின் பெயரளவு வாட்டைவிடக் கூடுதலான வெப்பத்தை ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருளில் ஏற்றுகிறது, மெல்லிய ட்வீட்டர்தான் பெரும்பாலும் முதலில் போகிறது. மைத்துனரின் கருத்தும் பாதி சரி. கையிருப்புத் திறன் நல்லதுதான், ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு.

அந்த அளவைக் காது எப்படி உணர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திறனை இரண்டு மடங்கு ஆக்கினால் 3 டெசிபெல் மட்டுமே கூடும்; சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். 20 வாட்டிலிருந்து 75 வாட்டுக்குப் போகும்போது உங்களுக்கு 6 டெசிபெல் அளவுக்கு இடைவெளி கிடைக்கிறது. அது நன்றாகவே தெரியும், கரகரப்பும் போய்விடும். அங்கிருந்து 150 வாட்டுக்குப் போக இன்னொரு மடங்கு பணம் செலவழித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். அதையும் உங்கள் 70 வாட் ஸ்பீக்கரால் நெடுநேரம் தாங்க முடியாது. ஆகவே சேனலுக்கு ஆர்.எம்.எஸ். 70 முதல் 90 வாட் வரை, 4 ஓம் சுமையில் தரும் ஆம்ப்ளிபையரே உங்களுக்குப் பொருத்தமானது.

கார் எவ்வளவு கொடுக்கும்

பேட்டரி தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ஜின் ஓடும்போது சுமையைத் தாங்குவது பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர். இரவில் ஏ.சி. போட்டு, ஹெட்லைட் எரிய, ரேடியேட்டர் மின்விசிறி சுழல, வைப்பரும் ஓடினால், காரே 40 முதல் 50 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது என்ஜினின் வேகம் குறைவதால் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தராது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், உங்கள் காரில் ஒலிக்கென்று நிம்மதியாக ஒதுக்கக்கூடியது 25 முதல் 30 ஆம்பியர்தான். 75 வாட் x 4 தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிபையர் முழுத் திறனில் ஏறத்தாழ 27 ஆம்பியர் எடுக்கும். இசை தொடர்ந்து உச்சத்தில் இருப்பதில்லை என்பதால் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ஆகவே பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றவே வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன கெப்பாசிட்டரும் வேண்டாம். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது வெளியிடும் ஆற்றல் 26 ஜூல். 500 வாட் இழுக்கும் கருவிக்கு அது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். அதன்பின் அதே ஆல்டர்னேட்டர்தான் அதையும் நிரப்பியாக வேண்டும். ஹெட்லைட் மங்குவதை மறைக்க இதைப் போடுவதைவிட, மங்கும் அளவுக்கு மின்சாரம் இழுக்காத ஆம்ப்ளிபையரை வாங்குவதே முறை.

எதை வாங்குவது

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நான்கு சேனல் கிளாஸ் டி ஆம்ப்ளிபையர் ஒன்றை மட்டும் வாங்குவேன். சேனலுக்கு 75 வாட் அளவு, பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனல்களை ஒன்றாக இணைத்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால்) 4 ஓம் சுமையை ஏற்கும் வசதி, ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உள்ளேயே டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் சில்லு) இருந்தால் இன்னும் நல்லது. கம்பெனி ஸ்டீரியோக்கள் பலவற்றில் சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலிகளைத் தாமாகவே குறைத்துவிடும் ஏற்பாடு இருக்கிறது, அதைச் சரிக்கட்ட அது உதவும். கிளாஸ் ஏபி ஒலியின் இனிமை கிளாஸ் டி-யில் வராது என்று சிலர் சொல்வார்கள். பழைய தலைமுறைக் கருவிகளைப் பொறுத்தவரை அதில் உண்மை இருந்தது. இன்றைய நல்ல தயாரிப்புகளில், டயர் இரைச்சலுக்கும் ஏ.சி. காற்றுக்கும் நடுவே அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவரை நான் சந்தித்ததில்லை. உங்களுக்கு இடமும் வெப்பமும் ஆம்பியரும்தான் முக்கியம். மூன்றிலும் கிளாஸ் டி வெல்கிறது.

முதல் இரண்டு சேனல்களை முன்கதவு ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். பின்கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலேயே இருக்கட்டும். மூன்றாவது, நான்காவது சேனல்களை உடனே பயன்படுத்தாமல் வைத்திருந்து, முன்கதவுகளின் உட்பக்கத் தகடுகளில் பியூட்டைல் ஷீட் (அதிர்வைத் தணிக்கும் ரப்பர் போன்ற ஒட்டுத் தாள்) ஒட்டி, ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒரு மாதம் கேளுங்கள். தவில் ஒலி காணாமல் போவதற்கு ஆம்ப்ளிபையர் மட்டுமே காரணம் அல்ல. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கதவின் ஓட்டைகள் வழியே கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் சம அளவுக்குக் காரணம். இதைச் செய்த பிறகு சப்வூஃபரே வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு.

அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், முன் இருக்கையின் அடியில் போகும் தட்டையான 8 அங்குல சப்வூஃபரை வாங்கி, காத்திருக்கும் அந்த இரண்டு சேனல்களையும் பிரிட்ஜ் செய்து இணையுங்கள். அப்படி இணைக்கும்போது ஒவ்வொரு சேனலும் சுமையில் பாதியைத்தான் உணரும். 4 ஓம் சப்வூஃபர் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம் போலத் தெரியும். ஆகவே சப்வூஃபரின் மொத்தச் சுமை 4 ஓமுக்குக் குறையக் கூடாது. கடைக்காரர் பட்டியலில் இருப்பது இரட்டை 2 ஓம் காயில் கொண்டது. அதைப் பக்க இணைப்பில் போட்டால் 1 ஓம் ஆகிவிடும். நான்கு சேனல் ஆம்ப்ளிபையரை பிரிட்ஜ் செய்து அதில் இணைத்தால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அல்லது புகையும். ‘ஓம் குறைந்தால் வாட் கூடும்’ என்று கடைகளில் சொல்வது, அந்தச் சுமைக்கென்றே வடிவமைத்த மோனோபிளாக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

வயரிங், வாரண்டி, காப்பீடு

நல்ல ஆம்ப்ளிபையரையும் மோசமான வயரிங் கெடுத்துவிடும் என்பதால், கூலியில் பேரம் பேசினாலும் வயரில் பேசாதீர்கள். பேட்டரியிலிருந்து வரும் மின்வயர் 4 கேஜ் தடிமனுள்ள செம்பாக இருக்கட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருக்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். அது ஆம்ப்ளிபையரைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. பானெட்டுக்குள் எங்காவது வயர் உரசி உடம்புத் தகட்டைத் தொட்டால் தீப்பிடிப்பதைத் தடுப்பது அது ஒன்றுதான். எர்த் வயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய தகட்டில் தனி போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் அதை மாட்டுபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி) இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் அமைப்பைச் சேர்ந்தது. அதை யாரும் தொடக் கூடாது.

ஆம்ப்ளிபையரில் உள்ள கெயின் குமிழ் சத்தத்தைக் கூட்டுவதற்கானது அல்ல. ஸ்டீரியோவின் அளவோடு ஆம்ப்ளிபையரைப் பொருத்துவதற்கானது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, ஒரு நிலையான சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிபையரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சார) வோல்ட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 17 வோல்ட் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்த வேண்டும். முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்ட்டர் (அதற்குக் கீழான தாழ்ந்த ஒலிகளைத் தடுப்பது) போடச் சொல்வதையும் மறக்க வேண்டாம். ‘காதால் கேட்டே வைத்துவிடுவேன்’ என்று சொல்லும் மெக்கானிக் உண்மையிலேயே திறமைசாலியாக இருக்கலாம். இருந்தாலும் மீட்டரை எடுக்கச் சொல்லுங்கள்.

வாரண்டியைப் பொறுத்தவரை, ஆம்ப்ளிபையர் பொருத்தியதாலேயே முழு வாரண்டியும் போய்விடும் என்பது மிகையான அச்சம். ஆனால் கம்பெனி வயரை வெட்டி ஒட்டியிருந்தால், மின் அமைப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் சர்வீஸ் சென்டர் அதையே காரணம் காட்டும், மறுத்துப் பேச உங்களிடம் ஆதாரம் இருக்காது. உங்கள் கார் மாடலுக்கென்றே கிடைக்கும் கப்ளர் செட்டை வாங்கி இடையில் செருகிக்கொண்டால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை, வேண்டாதபோது கழற்றியும் விடலாம். காப்பீட்டில்தான் பலர் கவனம் செலுத்துவதில்லை. கார் தயாரிப்பாளரின் விலையில் சேராத மின் கருவிகளின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தி, பாலிசியில் ஏற்றிக்கொண்டால்தான் திருட்டிலோ விபத்திலோ அவற்றுக்கு இழப்பீடு கேட்க முடியும். அதற்கு ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில் வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பின் இருக்கையில் அம்மா உட்கார்வதால் இன்னொன்றும் சொல்கிறேன். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபெல்லில் அது கால் மணி நேரம். மூடிய சிறிய காருக்குள் நான் சொன்ன ஆம்ப்ளிபையரே 100 டெசிபெல்லை எளிதில் தாண்டும்.

கொடுத்த முன்பணம்

பொருள் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை, வண்டியிலும் பொருத்தவில்லை என்பதால் உங்கள் நிலை வலுவாகவே இருக்கிறது. சண்டைக்குப் போகாமல், 10,000 ரூபாயை நான் சொன்ன வகை நான்கு சேனல் ஆம்ப்ளிபையர், செம்பு வயர் செட், கப்ளர் ஆகியவற்றுக்கு ஈடுசெய்யுமாறு முதலில் கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் வாடிக்கையாளரை இழப்பதைவிட இதையே விரும்புவார்கள். அவர் மறுத்து, 4000 வாட் கருவியைத்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், அந்தத் திறன் ஆர்.எம்.எஸ். அளவா என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார். பொருளின் திறனைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்தி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிகம் என்று வாதிட இடமுண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. முன்பணத்துக்கான ரசீது, அந்த விலைப்பட்டியல், நீங்கள் எனக்கு அனுப்பிய அதே புகைப்படம் ஆகிய மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ரசீது வாங்கவில்லை என்றால், பணம் கொடுத்த தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு கடைக்காரருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அவருடைய பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.